புவெனஸ் ஐரிஸில் எங்கே அறை எடுப்பது?

"அக்கா, எந்த ஏரியாவுல ரூம் போடலாம்?" அர்ஜென்டினா வரத் திட்டமிடும் நம் ஊர்க்காரர்கள் எனக்கு அனுப்பும் முதல் செய்தி இதுதான். கூடவே வாடகையும் நட்சத்திரமும் போட்ட ஒரு ஹோட்டல் பட்டியல் வரும். அதைப் பார்ப்பதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்பேன்: இரவு 12 மணிக்கு அந்த அறைக்கு எப்படித் திரும்புவீர்கள்?

இந்த ஊரில் எல்லாமே தாமதமாகத்தான் ஆரம்பிக்கும். பல உணவகங்கள் இரவுச் சாப்பாட்டுக்குத் திறப்பதே 8 மணிக்குத்தான். உள்ளூர்க்காரர்கள் 9, 10 மணிக்கு மேல் வந்து உட்காருவார்கள். தியாத்ரோ கொலோனில் 8 மணிக்கு ஓபரா தொடங்கினால் வெளியே வர 11 ஆகிவிடும். டாங்கோ ஆடும் மிலோங்காக்களில் கூட்டம் சேர்வதே அதற்கப்புறம்தான். ஆனால் சுரங்க ரயில், இங்கே சொல்கிற பெயரில் சூப்தே, 11 மணி வாக்கில் நின்றுவிடும். அதனால் பகலில் எது பக்கம் என்று பார்த்து அறை எடுப்பதைவிட, இரவில் ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் பஸ்ஸும் உள்ள தெருவாகப் பார்த்து எடுப்பது மேல்.

ஊர் மையத்தின் அலுவலகப் பகுதியான மிக்ரோசென்ட்ரோவை நான் பரிந்துரைக்காததற்கு இதுதான் காரணம். ஃப்ளோரிதா கடைத்தெரு, பிளாசா தெ மாஷோ சதுக்கம், ஒபெலிஸ்கோ தூண் எல்லாம் நடக்கும் தூரம், வாடகையும் குறைவு. வரைபடத்தில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். அலுவலகங்கள் பூட்டியதும் அந்தத் தெருக்கள் காலியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காபிக்குக்கூடத் தேடி அலைய வேண்டும்.

முதல்முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது டி லைன் சூப்தேயை ஒட்டிய பகுதி. கஷாவோ நிலையத்திலிருந்து பிளாசா இதாலியா வரை, சாந்தா ஃபே சாலையின் இரு பக்கமும் இரண்டு மூன்று தெரு உள்ளே. பகலில் சூப்தே ஏறினால் நேராகத் தியாத்ரோ கொலோனுக்கும் பிளாசா தெ மாஷோவுக்கும் போய்விடலாம். சூப்தே நின்ற பிறகும் 152 பஸ் அந்த வழியாக ஓடும். பஸ்ஸில் ரொக்கமாகக் காசு வாங்க மாட்டார்கள். வந்ததும் சூபே என்ற பயண அட்டை ஒன்று வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியின் கிழக்குப் பாதி ரெகோலெத்தா. என் அம்மா வந்தபோது அங்கேதான் தங்கவைத்தேன். அம்மாவுக்கு முழங்கால்வலி. மருந்துக்கடை, பழக்கடை, உட்கார பெஞ்சு எல்லாம் பக்கத்தில் வேண்டும். சாந்தா ஃபே 1860இல் இருக்கும் எல் அதெனேயோ புத்தகக்கடைக்குத் தினமும் சாயங்காலம் நடந்தே போய்வந்தார். 1919இல் நாடக அரங்காகத் திறந்த கட்டடம் அது. மேடை இருந்த இடத்தில் இப்போது காபி கொடுக்கிறார்கள். அங்கே நடக்கும்போது நடைபாதையைப் பார்த்தே கால் வைக்கச் சொல்லுங்கள். பெயர்ந்த ஓடுகள் நிறைய, மழை பெய்த மறுநாள் மிதித்தால் அடியிலிருந்து தண்ணீர் பீறிடும்.

மேற்குப் பாதி பலெர்மோ. விளம்பரத்தில் பலெர்மோ என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, ஊரிலேயே பெரிய பகுதி அது. பிளாசா செர்ரானோவைச் சுற்றிய தெருக்களில் வெள்ளி, சனி இரவுகளில் விடியும்வரை பார்களின் சத்தம் ஓயாது. இளைஞர்கள் கூட்டமாக வந்தால் சரி. குழந்தையோடு வருகிறவர்கள் தாவரவியல் பூங்கா பக்கம், பிளாசா இதாலியா நிலையத்தை ஒட்டிப் பாருங்கள்.

சான் தெல்மோ எனக்கு மிகவும் பிடித்த இடம். கல் பாவிய தெருக்கள், உயரமான கதவுகள், ஞாயிற்றுக்கிழமை தெஃபென்சா தெரு நெடுக பழம்பொருள் சந்தை. ஆனாலும் அங்கே தங்குவதற்கு முன் யோசியுங்கள். அந்தக் கல்லில் சக்கரப் பெட்டியை இழுப்பது பெரும்பாடு. பழைய வீடுகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. இரவில் ஒரு தெரு கலகலப்பாக இருக்கும், அடுத்த தெரு இருட்டாக இருக்கும். தங்கத்தான் வேண்டும் என்றால் பிளாசா தொர்ரேகோவுக்கு நாலு தெருவுக்குள் எடுங்கள்.

புவெர்தோ மதேரோ பாதுகாப்பானது, விலை அதிகம், உள்ளே சூப்தே இல்லை. லா போகாவின் வண்ண வீடுகளைப் பகலில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், அங்கே தங்க வேண்டாம். கொன்ஸ்தித்துசியோன், ஒன்சே ரயில் நிலையங்களைச் சுற்றிய மலிவு ஹோட்டல்களும் வேண்டாம். வாடகை குறைய வேண்டுமென்றால் நான் குடியிருக்கும் அல்மாக்ரோவிலோ வில்லா கிரெஸ்போவிலோ பாருங்கள். பி லைன் இருக்கிறது, இரவு வெகுநேரம் வரை பிஸ்ஸா கடைகள் திறந்திருக்கும்.

முகவரி எண்ணை வைத்தே இடத்தைக் கணிக்கலாம். பெரும்பாலும் ஒரு தெருத்துண்டு சுமார் 100 மீட்டர், அதைத் தாண்டினால் கதவு எண் 100 கூடும். ரிவதாவியா சாலையைக் குறுக்கே வெட்டும் தெருக்களுக்கு எண் அங்கிருந்து தொடங்கும், தாண்டியதும் தெருப் பெயரே மாறிவிடும். தெஃபென்சா 1100 என்றால் பிளாசா தெ மாஷோவிலிருந்து 11 துண்டு நடை. சாந்தா ஃபே மாதிரி ரிவதாவியாவுக்கு இணையாகப் போகும் தெருக்களில் ஆற்றுப் பக்கமிருந்து எண் ஏறும். வீட்டுக்காரர் 'மையத்துக்கு மிக அருகில்' என்று எழுதியிருப்பது உண்மையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அடுக்குமாடி வீடு எடுத்தால் சாவியைப் பற்றி முதலிலேயே கேளுங்கள். இங்கே பல கட்டடங்களின் தெருக்கதவை உள்ளிருந்து திறக்கவும் சாவி வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் போய்வர வேண்டுமானால் இரண்டு செட் கேட்டு வாங்குங்கள். பழைய லிஃப்டுகளில் மடக்குக் கம்பிக்கதவு இரண்டு இருக்கும். இரண்டையும் இழுத்துச் சாத்தாவிட்டால் அது நகராது, மேல் மாடியில் ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். விளம்பரத்தில் 'கொன்த்ராஃப்ரென்தே' என்று இருந்தால் அந்த வீடு தெருவைப் பார்க்காமல் பின்பக்கம் பார்க்கும். வெளிச்சம் சற்றுக் குறையும், ஆனால் பெரிய சாலைகளில் தூக்கம் வேண்டுமென்றால் அதைத்தான் எடுக்க வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை புழுக்கம் கடுமை, ஏசி இருக்கிறதா பாருங்கள். ஜூன், ஜூலையில் குளிர், அப்போது ஹீட்டரைக் கேளுங்கள்.

சைவக்காரர்கள் அடுப்புள்ள வீடு எடுப்பது நல்லது. மாட்டிறைச்சிக்குப் பேர்போன ஊர் என்று பயப்பட வேண்டாம். சீஸ் பிஸ்ஸா, சோமாசி மாதிரி இருக்கும் கீரை எம்பனாதா, கடலைமாவில் செய்யும் ஃபைனா எங்கேயும் கிடைக்கும். ஆனால் ஒரு வாரம் கழித்து ரசம் சாதம் கேட்கும் வயிறு நம்முடையது. பருப்பு, மஞ்சள், சீரகம் எல்லாம் தியேத்தேதிகா என்ற ஆரோக்கிய உணவுக் கடைகளில் கிடைக்கும். அரிசிக்கும் மசாலாவுக்கும் பெல்கிரானோவில் உள்ள சீனக் கடைத்தெருவுக்குப் போகலாம்.

ஹோட்டல் என்றால் பணம் கட்டும் முன் ஈவா என்ற மதிப்புக் கூட்டு வரி சேர்ந்த விலையா என்று கேளுங்கள். வெளிநாட்டு சுற்றுலாப் பயணிகள் வெளிநாட்டு வங்கி அட்டையில் கட்டினால் தங்கும் கட்டணத்தில் அந்த 21 சதவீதம் கழியும். பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்வார்கள்.

கடைசியாக விமான நிலையம். வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் வந்திறங்கும் எசெய்சா நகரத்துக்கு வெளியே தொலைவில் இருக்கிறது. இகுவாசு அருவிக்கோ பாத்தகோனியாவுக்கோ பறக்கும் உள்நாட்டு விமானங்கள் பல பலெர்மோவிலேயே ஆற்றங்கரையில் உள்ள ஏரோபார்க்கேயிலிருந்து கிளம்பும். டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்பும் நேரத்தைக் கணக்கிடுங்கள். திரும்பும் விமானம் இரவில் என்றால், அறையைக் காலையில் காலி செய்தபின் பெட்டிகளை வைத்துவிட்டுப் போக இடம் தருவார்களா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.