பழைய கார்களைப் பற்றிய அறிவைச் சோதிக்க ஒரு வழி

பழைய கார்களைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்று சோதித்துப் பார்க்க விரும்புவோர், ஆண்டை மட்டும் கேட்கும் கேள்விகளைக் குறைத்து, 'ஏன் அப்படி வடிவமைத்தார்கள்?' என்னும் கேள்விகளைக் கூட்டிக்கொள்வது நல்லது. 1954-இல் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல் காரின் கதவுகள் மேல்நோக்கித் திறப்பது அழகுக்காகத்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், எஃகுக் குழாய்களை இணைத்து உருவாக்கிய அதன் சட்டகம் பக்கவாட்டில் உயர்ந்திருந்ததால், வழக்கமான கதவைப் பொருத்த அங்கே இடமில்லை. காரணம் புரிந்துவிட்டால் ஆண்டும் பெயரும் தாமாகவே மனத்தில் தங்கிவிடும். 1959-இல் வந்த மினி என்னும் சிறிய காரில் அதன் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்குவாட்டில் வைத்து, அதன் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே கியர்பாக்ஸை அடக்கியது எதற்காக என்று கேட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளத்தில் நான்கு பேரை உட்கார வைத்த கணக்கு விளங்கும்.

'முதன்முதலில்' என்று தொடங்கும் கேள்விகளில்தான், என் அனுபவத்தில், அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஹென்றி ஃபோர்டு காரைக் கண்டுபிடித்தவர் அல்லர். கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர வண்டிக்கு 1886-இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். ஃபோர்டின் மாடல் டி கார் 1908-இல் வந்தது, காரை நகர்த்தியபடியே பாகங்களைப் பொருத்தும் நகரும் உற்பத்தி வரிசையோ 1913-இல்தான் தொடங்கியது. அந்தக் கார் எப்போதும் கறுப்பாகவே இருந்தது என்பதும் தவறு. தொடக்கத்தில் வேறு நிறங்களிலும் விற்றது. விடையைப் பார்க்கும் முன் காரணத்தை ஒரே வரியில் எழுதிவைத்து, ஆண்டுக்கு அரை மதிப்பெண்ணும் காரணத்துக்கு முழு மதிப்பெண்ணும் அளித்துக்கொள்ளுங்கள்.