எக்ஸ்ரேயில் தெரியாத காயம்: கனடாவின் எட்மன்டனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சுகாதார அட்டைக்கு விண்ணப்பிப்பதையும், 811 என்ற எண்ணில் எந்நேரமும் தாதியரிடம் ஆலோசனை கேட்கலாம் என்பதையும் இங்கு எவரும் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். எங்களுக்கு எவரும் சொல்லாத ஒன்றை, கடுங்குளிரில் விரல்கள் உறைந்துபோகும் பனிக்கடியைப் பற்றி எழுதுகிறேன்.

சென்ற ஜனவரியில் என் தங்கையின் மகன் மெல்லிய கையுறையுடன் இரவு முழுவதும் லொறியிலிருந்து சாமான் இறக்கிவிட்டு வந்தபோது, இடது கை விரல்கள் மரத்து, மெழுகுபோல வெளுத்திருந்தன. ஊர்ப் பழக்கத்தில் எண்ணெய் பூசித் தேய்த்தோம். அது பெருந்தவறு, தேய்க்காமல் 37 முதல் 39 பாகை செல்சியஸ் வரையான இளஞ்சூட்டு நீரில் வைத்திருக்க வேண்டும். காலையில் இரத்தக் கொப்புளங்கள் எழுந்ததும் அருகிலிருந்த சிறு மருத்துவ நிலையத்துக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்து, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். நாங்களும் அப்படியே நம்பித் திரும்பினோம். அதை நினைத்தால் இன்றும் என் மனம் ஆறவில்லை.

பனிக்கடியில் முதலில் பார்க்க வேண்டியது எலும்பை அல்ல, இரத்த ஓட்டத்தை. உறைந்த விரல் இளகும்போது நுண்ணிய குழாய்களில் இரத்தம் கட்டியாகி அடைத்துக்கொள்கிறது; தொடக்க நாட்களில் எடுக்கும் எக்ஸ்ரே இதைக் காட்டாது. குழாய்களுக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம் காட்டும். டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை இரத்தக் குழாயில் ஏற்றி, உடனேயும், சில நிமிடங்களிலும், சில மணி நேரம் கழித்தும் படமெடுக்கும் எலும்பு ஸ்கேனும் காட்டும்; இரத்தம் போகாத விரல் அந்தப் படத்தில் இல்லாததுபோலவே இருக்கும். கட்டியைக் கரைக்கும் மருந்தை, விரல் இளகிய 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பெரும்பாலும் பயன் உண்டு.

ஆகவே உணர்வு திரும்பாமலோ, நீலம் பாய்ந்தோ, இரத்தக் கொப்புளம் எழுந்தோ இருந்தால் நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். விரல் எத்தனை மணிக்கு இளகியது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் படம் தேவையா என்று தயங்காமல் கேளுங்கள். கேள்வி கேட்டால் மருத்துவர் கோபிப்பார் என்ற ஊர்ப் பயம் இங்கு வேண்டாம்.

மூன்றாம் நாள்தான் எங்கள் பிள்ளைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு விரல்களின் நுனி படத்தில் இல்லை. உடனே வெட்டாமல், கறுத்த பகுதி தானாகப் பிரிந்து தெரியும்வரை வாரக்கணக்கில் காத்திருந்து, ஏப்ரலில் அறுவை செய்தார்கள். அன்று படம் முடிந்த அதே இடத்தில்தான் விரல்களும் முடிந்தன.