ஆஸ் விழாவுக்குப் போகிறீர்களா? விருந்தினர் மேசையில் இதையெல்லாம் செய்யாதீர்கள்

கான்சஸ் பண்ணைச் சிறுமி டோரதியைச் சூறாவளி ஆஸ் என்ற மாய தேசத்துக்குத் தூக்கிப்போகும் 'விசர்ட் ஆஃப் ஆஸ்' கதைக்கென்றே அமெரிக்காவில் சில ஊர்கள் வருடாவருடம் விழா எடுக்கின்றன. அந்தக் கதையை எழுதிய எல். ஃபிராங்க் பாம் 1856இல் பிறந்த ஊர் நியூயார்க் மாநிலத்துச் சிட்டனாங்கோ. அங்கே ஜூன் மாதத்தில் விழா. கான்சஸில் ஆஸ் அருங்காட்சியகம் இருக்கும் வமேகோவில் இலையுதிர் காலத்தில். ஊர்வலம், வேடப் போட்டி, கடைகள் எல்லாம் உண்டு. ஆனாலும் கூட்டம் மொய்ப்பது சிறப்பு விருந்தினர்கள் உட்கார்ந்திருக்கும் மேசைகளைத்தான். சொதப்பல்களும் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன.

யார் வருகிறார்கள் என்று பார்க்காமலே கிளம்பிவிடுவது முதல் தவறு. "படத்தில் நடித்தவர்களைப் பார்க்கலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப்போகிறார்கள். கதையை வைத்து ஹாலிவுட் எடுத்த அந்தப் புகழ்பெற்ற படம் வந்தது 1939இல். டோரதியாக நடித்த ஜூடி கார்லண்ட் 1969இலேயே போய்விட்டார். வைக்கோல் பொம்மையாக வந்த ரே போல்ஜர் 1987இல் இறந்தார். பல ஆண்டுகள் இந்த விழாக்களின் உயிராக இருந்தவர்கள், ஆஸ் தேசத்துச் சிறு உருவ மக்களான மஞ்ச்கின்களாக நடித்த உயரம் குறைந்த கலைஞர்கள். 120க்கும் மேற்பட்டோர் நடித்தார்கள். சூனியக்காரி செத்துவிட்டாள் என்று சான்றிதழ் வாசிக்கும் அதிகாரியாக வந்த மெய்ன்ஹார்ட் ராபே 2010இல் மறைந்தார். டோரதிக்கு லாலிபாப் நீட்டிய ஜெர்ரி மேரன், படத்தில் நடித்த வயதுவந்த மஞ்ச்கின்களில் கடைசியாக எஞ்சியிருந்தவர். அவரும் 2018இல் தொண்ணூற்றெட்டு வயதில் காலமானார்.

ஆக, இன்று மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் வேறு ரகம். பாம் குடும்பத்து வாரிசுகள், நடிகர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், ஆஸ் கதைகளைத் தொடர்ந்து எழுதுபவர்கள், ஓவியர்கள், படத்தின் வரலாற்றைத் தோண்டுபவர்கள், பழம்பொருள் சேகரிப்பாளர்கள், பிற்காலத்தில் வந்த ஆஸ் படங்களிலும் மேடை நாடகங்களிலும் நடித்தவர்கள். டோரதி வேடத்தில் வளைய வரும் பெண் இவர்களில் சேர்த்தி இல்லை. அவர் விழாக்குழு ஏற்பாடு செய்த ஆளாகவோ உங்களைப் போன்ற ரசிகராகவோ இருக்கலாம். பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் கதையோடு என்ன தொடர்பு என்று தெரிந்துகொள்ள பத்து நிமிடம் போதும். மற்ற தவறுகளில் பாதி அதிலேயே அடிபட்டுவிடும்.

உதாரணத்துக்கு, பாமின் கொள்ளுப்பேத்தி ஒருவர் மேசையில் இருக்கிறார் என்று வையுங்கள். அவர் முன்னால் போய், "டோரதியின் சிவப்புச் செருப்பு யோசனை உங்கள் தாத்தாவுக்கு எப்படி வந்தது?" என்று கேட்கிறார்கள். வரவே இல்லை! 1900இல் வெளிவந்த புத்தகத்தில் டோரதி போட்டுக்கொள்வது வெள்ளிக் காலணி. மாணிக்கச் சிவப்பு, கலர் படத்தில் எடுப்பாகத் தெரிவதற்காக ஸ்டூடியோ செய்த மாற்றம். டோரதியின் பயணம் வெறும் கனவு என்பதும் படம் சேர்த்ததுதான். புத்தகத்தில் அவள் நிஜமாகவே போய்வருகிறாள். ஆஸின் தலைநகரான மரகத நகரம் புத்தகத்தில் பச்சையாகத் தெரிவதற்குக் காரணம், ஊருக்குள் நுழைகிற எல்லோருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டிவிடுவது. பாம் 1919இல் இறந்துவிட்டார். படம் அதற்கு இருபது வருடம் கழித்துத்தான் வந்தது. அந்தக் குடும்பத்தாரிடம் படத்தைப் பற்றிக் கேட்டால் மரியாதைக்குப் பதில் சொல்வார்கள், அவ்வளவுதான். பாமின் மாமியார் மடில்டா ஜாஸ்லின் கேஜ் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடியவர். அவரைப் பற்றி ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள், பேச்சு எங்கே போகிறது என்று. பாம் எழுதிய ஆஸ் நாவல்கள் பதினான்கு. முதல் புத்தகத்தையாவது படித்துவிட்டுப் போனால் நல்லது. சின்னப் புத்தகம்தான்.

வதந்தியைத் தூக்கிக்கொண்டு போவது இன்னொன்று. படத்தின் ஒரு காட்சியில் பின்னணியில் ஒரு மஞ்ச்கின் தூக்கில் தொங்குகிறார் என்று இணையத்தில் ஒரு கதை ஓயாமல் சுற்றுகிறது. அங்கே அசைவது இறக்கையை விரிக்கும் ஒரு பெரிய பறவை. காட்டுக் காட்சிக்காக செட்டில் பறவைகளை உலவவிட்டிருந்தார்கள். பழைய வீடியோ கேசட்டின் மங்கலில் அது மனித உருவம் போலத் தெரிந்தது. மஞ்ச்கின் நடிகர்கள் தங்கியிருந்த ஹோட்டலில் குடித்துவிட்டு ரகளை செய்தார்கள் என்ற கதையும் இப்படித்தான். ஜூடி கார்லண்டே தொலைக்காட்சியில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னதில் அது ஊரெல்லாம் பரவியது. அந்த நடிகர்கள் வயதான காலம்வரை மறுத்து மறுத்து ஓய்ந்துபோனார்கள். அவர்களுடைய மகனோ பேத்தியோ எதிரே உட்கார்ந்திருக்கும்போது இளித்துக்கொண்டே இதைக் கேட்பதை அறியாமை என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. அநாகரிகம் அது.

உயரம் குறைந்த விருந்தினர்கள் இன்றும் வருவதுண்டு. தலையைத் தட்டுவது, போட்டோவுக்காகத் தூக்கிக்கொள்வது, குழந்தையிடம் பேசுகிற குரலில் பேசுவது கூடாது. அவர் உங்களைவிட மூத்தவராகக்கூட இருப்பார். "அந்தக் குரலில் ஒரு வரி பாடுங்களேன்" என்று கேட்பதும் அர்த்தமில்லாதது. படத்திலேயே மஞ்ச்கின்களின் குரல்களில் பெரும்பாலானவை வேறு பாடகர்களுடையவை. பதிவை வேகப்படுத்தித்தான் அந்தக் கீச்சுக்குரலைக் கொண்டுவந்தார்கள்.

கையெழுத்து விஷயம் பார்க்கச் சின்னது, நஷ்டம் பெரிது. பளபளப்பான புகைப்படத்தில் சாதாரண ஜெல் பேனா ஒட்டாது. மை மணிமணியாகத் திரளும், விரல் பட்டால் இழுபடும். பெயின்ட் மார்க்கர் வேண்டும். இருண்ட பின்னணிக்கு வெள்ளி நிறம், வெளிறிய பின்னணிக்குக் கறுப்போ நீலமோ. முதலில் வேறு காகிதத்தில் அழுத்தி மை இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். வாங்கியதும் உறையில் செருகாதீர்கள். ஓரிரு நிமிடம் காற்றில் பிடித்துக் காயவிடுங்கள். பெயர் எழுதிக் கேட்கப்போகிறீர்கள் என்றால், நம் பெயர்களை வாயால் எழுத்துக்கூட்டி வரிசையை நிறுத்திவைக்க வேண்டாம். ஒட்டுச்சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்து வேண்டிய பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். டபிள்யூ. டபிள்யூ. டென்ஸ்லோ படம் வரைந்த பழைய பதிப்பு கைவசம் இருந்தால் அது வீட்டிலேயே இருக்கட்டும். எழுதியவரும் வரைந்தவரும் அல்லாத ஒருவரின் கையெழுத்து அதற்கு மதிப்பைக் கூட்டும் என்று சொல்ல முடியாது. புதுப் பிரதி ஒன்று போதும்.

சிலர் இலவசமாகக் கையெழுத்துப் போடுவார்கள், சிலர் காசு வாங்குவார்கள். மேசையில் அட்டை வைத்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பேரம் வேண்டாம். கையில் ரொக்கம் இருக்கட்டும்.

விலை கேட்டே துளைக்கப்படும் வரலாற்றாய்வாளர்களின் பாடுதான் பரிதாபம். 2005இல் மின்னசோட்டா அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து திருடுபோன, படத்தில் பயன்பட்ட மாணிக்கக் காலணி ஜோடியை 2018இல் எஃப்பிஐ மீட்டது. 2024 டிசம்பரில் அது ஏலத்தில் கட்டணங்களோடு சேர்த்து 3 கோடியே 25 லட்சம் டாலருக்குப் போனது. அதன் பிறகு பரணில் கிடக்கும் பொம்மைக்கெல்லாம் விலை கேட்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் பத்துப் பேர் பின்னால் நிற்கும்போது பையைக் கவிழ்க்காதீர்கள். விலை மதிப்பிடுவது தனி வேலை. ஓவியர்களிடமும் ஒரு எச்சரிக்கை. படத்தில் வந்த அதே சிவப்புக் காலணியோடு டோரதியை வரையச் சொன்னால் தயங்குவார்கள். புத்தகத்தின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, படத்தினுடையது முடியவில்லை. வெள்ளிக் காலணி என்றால் அவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர்வலத்தின்போது விருந்தினர்களும் ஊர்வல வண்டியில் ஏறிவிடுவார்கள், மேசை காலியாகத்தான் இருக்கும். கடைசி நாள் மதியத்துக்கு மேல் பலர் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள். முதல் நாள் காலையில் போனால் நின்று பேசலாம்.