பிரையன் ஈனோவைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாப் குழுவில் கீபோர்ட் பக்கம் நின்ற ஒருவர் ஓவியக் கண்காட்சியும் வைக்கிறார் என்றால், 'பாட்டில் பெயர் வாங்கியாச்சு, இப்போது பொழுதுபோக்குக்கு வரைகிறார்' என்று எழுதிவிடுகிறார்கள். பிரையன் ஈனோ விஷயத்தில் முதல் தவறு இதுதான், மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் முளைக்கின்றன. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் 1948-ல் ஒரு தபால்காரரின் மகனாகப் பிறந்த ஈனோ, இப்ஸ்விச்சிலும் பிறகு வின்செஸ்டரிலும் கலைப் பள்ளியில் படித்து 1969-ல் வெளியே வந்தவர். ராக்ஸி மியூசிக் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் சேர்ந்தது 1971-ல்தான். டேப் ரெக்கார்டரை நோண்ட ஆரம்பித்ததே கலைப் பள்ளிக் காலத்தில். ஓவியம் முதலில், இசை அப்புறம்.

'என்ன அருமையான கீபோர்ட் வாசிப்பு' என்று பாராட்டுவதும் வேண்டாம். தன்னை இசைக்கலைஞர் அல்லாதவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். குழுவின் ஆரம்ப நாட்களில் மேடையில் கூட நிற்காமல் அரங்கத்தின் பின்னால், ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் கருவி முன் உட்கார்ந்திருந்தார். மற்றவர்களின் கிட்டாரையும் சாக்ஸபோனையும் விசிஎஸ்3 சிந்தசைசர் என்ற மின்னணு ஒலிக் கருவிக்குள் விட்டு வேறு ஒலியாக வெளியே எடுப்பதுதான் அவர் வேலை. அதில் விரல் வேகத்தைத் தேடினால் கிடைக்காது.

அடுத்தது சின்ன விஷயம், ஆனால் எங்கும் பார்க்கிறேன். பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியின் 1977-79 ஆல்பங்கள் மூன்றுக்கும் ஈனோதான் தயாரிப்பாளர் என்று போடாதீர்கள். போவியுடன் சேர்ந்து தயாரித்தவர் டோனி விஸ்கான்டி. ஈனோ கூட உழைத்த படைப்பாளி, அவ்வளவுதான்.

சரி, எனக்கு ரொம்பவே வருத்தம் தரும் தவறுக்கு வருகிறேன். 1978-ல் விமான நிலையங்களுக்கென்று அவர் செய்த இசையைத் 'தூக்கம் வரவழைக்கும் இசை' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் ஒரு பகுதியில், பாடகிகள் பிடித்த ஒற்றைச் சுரங்கள் தனித்தனி டேப் வளையங்களில் (இரு முனைகளையும் ஒட்டிய ஒலிநாடா) சுற்றுகின்றன: ஒன்று இருபத்து மூன்றரை விநாடிக்கு ஒருமுறை திரும்ப வரும், இன்னொன்று கிட்டத்தட்ட 26, மற்றொன்று கிட்டத்தட்ட 30. நீளம் ஒத்துப்போகாததால், எந்தச் சுரம் எதன் மேல் விழும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், செய்தவருக்கே அது முன்கூட்டித் தெரியாது. இப்போது 2006-ல் வந்த '77 மில்லியன் பெயின்டிங்ஸ்' பக்கம் திரும்புங்கள். அவர் கையால் செய்த படங்களை ஒரு மென்பொருள் தற்செயலாக எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக, மிக மெதுவாகக் கரைத்துக்கொண்டே போகிறது. டேப் வளையங்கள் இருந்த இடத்தில் படங்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இவை இரண்டையும் 'இசை வாழ்க்கை', 'ஓவிய வாழ்க்கை' என்று தனித்தனி அத்தியாயமாகப் பிரித்து எழுதினால் ஈனோ கைநழுவிப் போய்விடுவார்.

அதனால்தான், தயவுசெய்து, ஒரு போட்டோவைப் பார்த்து 'கலர் விளக்கு' என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். 2009-ல் சிட்னி ஓபரா ஹவுஸின் கூரைகள் மேல் அந்தப் படங்கள் ஓடியபோது எடுத்த போட்டோவில் ஒரே ஒரு நொடிதான் இருக்கிறது. அரை மணி நேரமாவது முன்னால் உட்கார வேண்டும். இங்கிலாந்தின் ஹோவ் நகரில் ஒரு மருத்துவமனையின் வரவேற்புக் கூடத்தில் 2013-ல் இதே படைப்பின் ஒரு வடிவத்தை வைத்தார், கூடவே சும்மா அமைதியாக உட்கார ஓர் அறையும். டாக்டருக்காகக் காத்திருப்பவர்கள் எப்படியும் அவ்வளவு நேரம் உட்காரத்தானே செய்வார்கள்.