விழுந்துவிடுவார்கள் என்று கட்டிப்போட்டால் தலையாட்டிவிட்டு வராதீர்கள்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, அப்பாவையோ அம்மாயியையோ முதியோர் இல்லத்தில் விட்டிருக்கும் குடும்பங்கள் நிறைய. பார்க்கப் போனால் கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருப்பார்கள். கேட்டால், "விழுந்து கிழுந்து வெச்சாங்கன்னா என்னங்க பண்றது?" என்பார்கள். சரி என்று திரும்பி வருவதுதான் பெரிய தவறு. கட்டிப்போட்ட உடம்பில் படுக்கைப்புண் வரும், கால் வலு போகும், அப்புறம் அவிழ்த்துவிட்டால் முன்பைவிடச் சுலபமாக விழுவார்கள். கட்டில் கம்பியை ஏறித் தாண்டப் பார்த்து, இன்னும் உயரத்திலிருந்து விழுந்தவர்களும் உண்டு.

கயிற்றை மட்டும் தேடுவது அடுத்த தவறு, மருந்து கொடுத்து மயக்கியும் ஆளைக் கட்டிப்போடலாம். நல்லாப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று பகலெல்லாம் தூங்கி வழிந்தால், வாயில் எச்சில் ஒழுகினால், மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஹாலோபெரிடால், குவெட்டியபின், லோராசெபாம் மாதிரி ஆளைத் தூங்கவைக்கும் மருந்தின் பெயர் இருந்தால், யார் எழுதிக் கொடுத்தது, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு குவெட்டியபின் வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரித்தது, 2008இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளையும் அதில் சேர்த்தது. ராத்திரியில் சத்தம் போடுகிறார் என்பதற்காக மட்டும் கொடுக்கும் மருந்தில்லை இது. சத்தத்துக்குக் காரணம் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், வாய் திறந்து சொல்லத் தெரியாத வலியாகவும் இருக்கலாம், அதையெல்லாம் பார்த்தார்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கோபத்தில் மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். லோராசெபாமைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம், மருத்துவர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆயாம்மாவைத் திட்டிவிட்டு வருவதும் வீண். இருபது பேருக்கு ராத்திரி ஒருத்தரை விட்டால் அவர் என்ன செய்வார்? ஆள் போடாத நிர்வாகத்திடம் பேசுங்கள், அதையும் வாய்ப்பேச்சோடு விடாமல் தேதி போட்டு எழுத்தில் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆம் பிரிவு, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியோ தண்டனையாகவோ யாரையும் கட்டக் கூடாது என்கிறது. அது மனநல நிலையங்களுக்கான சட்டம் என்றாலும், உங்கள் கடிதத்தில் அதை எடுத்துக்காட்டுங்கள். "சேரும்போது கையெழுத்துப் போட்டீங்களே" என்று சொன்னாலும் பின்வாங்க வேண்டாம், அந்தக் கையெழுத்து தினமும் கட்டிப்போட உரிமை கொடுத்துவிடாது.

இன்னொன்று, கட்டப்பட்டவரையே கேட்காமல் விடுவது. ஆட்கள் பக்கத்தில் இல்லாதபோது மெதுவாகக் கேளுங்கள். மறதி இருந்தாலும் வலிக்கிறது, பயமாயிருக்கிறது என்று சொல்லத் தெரியும். ஞாயிறு மத்தியானமே போகாமல், சொல்லாமல் ஒரு சாயங்காலமும் போய்ப் பாருங்கள்.

நிர்வாகம் அசையவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567, மாவட்ட சமூக நல அலுவலர், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம் என்று வழி இருக்கிறது. கடித நகலையும் மருந்துச் சீட்டின் படத்தையும் கையோடு கொண்டு போங்கள்.