அழுகிய ஆப்பிரிக்க வயலட்டை மீட்ட விதம்

சிங்கப்பூர் ஈசூன் வட்டாரத்தில் என் வீட்டுச் சன்னலோரம் மூன்று வாரம் அழகாகப் பூத்த ஆப்பிரிக்க வயலட் திடீரென்று துவண்டது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன், அதுதான் தப்பு. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது, நடுக்குருத்து தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

தான்சானியாவின் உசம்பரா மலைப்பக்கம் நிழலில், பாறை இடுக்கில் வளர்கிற இனம் இது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் கெட்டி மண் சீக்கிரம் காயாது, வேருக்குக் காற்றில்லாமல் அழுகிவிடும்.

சரி, கெடாத இலை இரண்டு மிச்சம் இருந்ததே! காம்பைச் சாய்வாக வெட்டி, பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் கல்மணியும் தேங்காய்நார்த் தூளும் சரிபாதி கலந்து நட்டேன். இரண்டு மாதம் கழித்து, காம்படியில் எறும்புத்தலை அளவில் ரோமம் படர்ந்த குட்டி இலைகள், அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

இப்போது மேல்மண் காய்ந்த பிறகுதான் தட்டில் தண்ணீர் வைக்கிறேன், இருபது நிமிடத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். குருத்தில் ஒரு சொட்டு விழவிடுவதில்லை. காலை வெளிச்சம் மட்டும், மத்தியான வெயில் கூடவே கூடாது. ஒன்பதாம் மாதம் ஊதாப் பூ விட்டது, எதிர்வீட்டு அக்காவுக்கும் ஓர் இலை கொடுத்திருக்கிறேன்.