பழைய எலெக்ட்ரானிக் அக்கார்டியன்: சுவிட்சைப் போடுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலோ, கோலாலம்பூரில் கலைந்துபோன ஓர் இசைக்குழுவின் சாமான்களிலோ எலெக்ட்ரானிக் அக்கார்டியன் ஒன்று மலிவாகக் கிடைத்தால், வாங்கியவர் வீட்டுக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை பிளக்கை மாட்டிப் பார்ப்பதுதான். நாற்பது ஐம்பது வருடம் மூலையில் கிடந்தும் கெடாத வாத்தியம் அந்தச் சில விநாடிகளில் கெட்டுப்போகிறது. இவ்வகை வாத்தியங்களில் முதுமையால் செத்தவற்றைவிட அவசரத்தால் செத்தவையே அதிகம்.

கோர்டோவாக்ஸ், எல்காவாக்ஸ், ஃபார்ஃபிசா டிரான்சிகார்டு என்று பல பெயர்களில் 1960களிலும் 70களிலும் வந்தவை இவை. உடல் பெரும்பாலும் இத்தாலியில், அதுவும் அக்கார்டியனுக்குப் பேர்போன கஸ்டெல்ஃபிடார்டோ வட்டாரத்தில் செய்யப்பட்டது. பல மாடல்களில், காற்றில் அதிர்ந்து ஒலி தரும் வழக்கமான எஃகு ரீடும் துருத்தியும் இருக்கும்; கூடவே ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு மின் காண்டாக்ட் இருக்கும். சுரத்தை உண்டாக்கும் சர்க்யூட், பல மாடல்களில், தனிப் பெட்டியில் இருக்கிறது. உடலையும் பெட்டியையும் இணைப்பது பல பின்கள் கொண்ட தடித்த கேபிள்.

வாங்கும்போதே நடக்கும் தவறு இங்கேதான். உடல் மட்டும் பளபளவென்று இருக்கும்; பெட்டியும் கேபிளும் கால் பெடலும் எப்போதோ தொலைந்திருக்கும். “அதெல்லாம் தனியா வாங்கிக்கலாம்” என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். ஒரே பிராண்டாக இருந்தாலும் மாடல் மாறினால் பின் வரிசை மாறலாம். பொருந்துகிறதே என்று வேறு மாடலின் பெட்டியை மாட்டினால், சிக்னல் போக வேண்டிய கம்பியில் மின்சாரம் போய்விடும். பெட்டி இல்லாத உடலுக்குச் சாதாரண அக்கார்டியன் விலைதான் கொடுக்கலாம். ரீடும் இல்லாத மாடல் என்றால் அதையும் கொடுக்க வேண்டாம்.

மின்சாரம்

மலேசியாவில் 2008 முதல் அதிகாரப்பூர்வ மின்னழுத்தம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதற்கு முன் 240 வோல்ட். மீட்டர் வைத்துப் பார்த்தால் இன்றும் பல வீடுகளில் 240 காட்டும். பெட்டியின் பின்புறத் தகட்டில் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் அது அமெரிக்கச் சந்தைக்குச் செய்தது. பிளக்கை மட்டும் மூன்று முள்ளுக்கு மாற்றிச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். இத்தாலியப் பெட்டிகளில் மின்னழுத்தம் தேர்ந்தெடுக்கும் திருகு இருந்தால் அது எந்த எண்ணில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். 220இல் வைத்து 240 கொடுத்தால் உள்ளே எல்லா அழுத்தமும் ஒன்பது விழுக்காடு கூடும். 240 என்ற எண் இருந்தால் அதில் வையுங்கள்.

117 வோல்ட் பெட்டிக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். தகட்டில் எழுதியிருக்கும் வாட்டைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு திறன் இருக்கட்டும். பயணிகளுக்கு விற்கும் உள்ளங்கை அளவு கன்வெர்ட்டரில் பல, அலையை வெட்டித்தான் அழுத்தத்தைக் குறைக்கின்றன. ஹேர் டிரையருக்கு அது சரி, இதற்கு ஆகாது. இன்னொன்று: 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். அதனால் வெளியீடு 110 வோல்ட் தரும் ஸ்டெப் டவுன் கிடைத்தால் அதுவே நல்லது. சுழலும் ஸ்பீக்கர் பெட்டியும் சேர்ந்து வந்திருந்தால், அதன் மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். அதைப் பழுது என்று நினைத்துக் கழற்ற வேண்டாம்.

கம்பி நிறத்தில் ஒரு பொறி உண்டு. நம் பழைய வீடுகளின் வயரிங்கில் கறுப்பு என்றால் நியூட்ரல். அமெரிக்கக் கேபிளில் கறுப்புதான் லைவ், வெள்ளை நியூட்ரல். பழக்கத்தில் கறுப்பை நியூட்ரலில் மாட்டினால் ஃபியூஸும் சுவிட்சும் தவறான பக்கம் போய்விடும். சுவிட்சை அணைத்தாலும் உள்ளே மின்சாரம் நிற்கும். எர்த் இல்லாத இரு கம்பிக் கேபிளாக இருந்தால் மூன்று கம்பிக் கேபிளாக மாற்றி, எர்த்தை உலோகச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். பிளக்குக்குள் 13 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பதில் 3 ஆம்பியர் போதும். நெஞ்சோடு அணைத்து, வியர்வையோடு வாசிக்கும் வாத்தியம் இது. செருகியதும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் வீட்டின் ஆர்சிசிபி விழுந்தால், விழாத வேறொரு பிளக் பாயிண்ட் தேடுவதும் எர்த்தைக் கழற்றிவிடுவதும் முட்டாள்தனம். ஆர்சிசிபி தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது, லைவ் கம்பியில் தொடராக 60 வாட் இழை பல்பு ஒன்றை ஹோல்டரோடு மாட்டுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்ல அறிகுறி. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். எல்.இ.டி பல்பு இதற்கு உதவாது. இந்தச் சோதனையை அக்கார்டியன் உடலை இணைக்காமல் பெட்டிக்கு மட்டும் செய்யுங்கள். உடலை இணைக்கும் கேபிளை எந்தக் காரணத்துக்கும் மின்சாரம் இருக்கும்போது செருகவோ பிடுங்கவோ கூடாது. செருகும் அந்த நொடியில் பின்கள் ஒன்றோடொன்று உரசி, பக்கத்துப் பின்னுக்கு அழுத்தம் தாவும்.

கண்ணாடிக் குழாய் வால்வு உள்ள ஆரம்பகாலப் பெட்டி என்றால், அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

திறப்பது

துருத்தியின் ஊசிகளைப் பிடுங்கி இரு பாதியையும் படாரென்று இழுப்பவர்கள் சாதாரண அக்கார்டியனில் பழகியவர்கள். இதில் பேஸ் பக்கக் காண்டாக்டுகளிலிருந்து மெல்லிய கம்பிக் கட்டு ஒன்று துருத்திக்குள்ளாகவே மறுபக்கம் போகக்கூடும். இழுத்தால் பத்திருபது கம்பி ஒரே நேரத்தில் அறும். ஒரு விரல் அளவு திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஊசிகள் ஒவ்வொன்றும் ஒரே நீளமல்ல. எடுத்த வரிசையிலேயே ஓர் அட்டையில் குத்தி வையுங்கள். அழுக்குத் துடைக்க தின்னரும் நகப்பூச்சு அழிக்கும் திரவமும் வேண்டாம். பழைய உடல்களின் மேற்பூச்சு செல்லுலாய்டு. அவை பட்டால் கரைந்துவிடும். லேசாக ஈரமான துணி போதும்.

காண்டாக்ட்

பல கட்டைகள் ஊமையாக இருந்தால் பத்தில் ஒன்பது பேர் எடுப்பது டபிள்யூடி-40 புட்டிதான். தயவுசெய்து வேண்டாம். அது விடும் எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடிக்கும். ரீடுகளைப் பிடித்திருக்கும் தேன்மெழுகிலும் தோல் வால்வுகளிலும் ஊறும். ஒரு வாரம் கட்டைகள் பேசும், பிறகு முன்பைவிட மோசமாகும். நல்ல காண்டாக்ட் கிளீனராக இருந்தாலும் உடலுக்குள் நேராக அடிக்கக் கூடாது.

கட்டைக்கு அடியில் இருப்பது முடி போன்ற மெல்லிய ஸ்பிரிங் கம்பி. கட்டையை அழுத்தும்போது அது நீளமான ஓர் உலோகக் கம்பியைத் தொடும். அந்தத் தொடும் புள்ளியில் கறுப்புப் படலம் ஏறியிருக்கும். பெயர் அட்டை ஒன்றை ஐந்து மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, இரண்டு கம்பிக்கும் நடுவே நுழைத்து, கட்டையை மெதுவாக அழுத்தியபடி அட்டையை இழுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை புது அட்டையோடு திரும்பச் செய்யுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டில் மீதி தண்ணீர், அது வேண்டாம். உப்புத்தாள் கண்டிப்பாக வேண்டாம். வெள்ளி முலாம் ஒரு முறை போனால் போனதுதான், அடியில் உள்ள உலோகம் நம் ஊர் ஈரத்தில் சில மாதத்தில் பச்சை பிடிக்கும்.

கம்பி வளைந்திருந்தால் ட்வீசரால் நிமிர்த்தலாம். இடைவெளியை, நன்றாகப் பேசும் பக்கத்துக் கட்டையைப் பார்த்து அமையுங்கள். காற்று மூடி திறக்கத் தொடங்கும் அதே நேரத்தில் காண்டாக்டும் தொட வேண்டும். இல்லையென்றால் ரீடு ஒரு கணம், எலெக்ட்ரானிக் ஒலி இன்னொரு கணம் என்று இரட்டையாகக் கேட்கும்.

எந்தச் சுரம் போயிற்று என்று பார்க்காமல் ஈயம் உருக்குவது

இது பலருக்குப் பொறுமை இல்லாத இடம். ஆனால் பாதி நோய் இங்கேயே தெரிந்துவிடும். காகிதத்தில் எல்லாக் கட்டைகளையும் எழுதி, எது பேசவில்லை என்று குறியுங்கள். ஒரே ஒரு கட்டை, எந்த ஸ்டாப் (ஒலி வகை மாற்றும் சுவிட்ச்) போட்டாலும் ஊமை என்றால் காண்டாக்ட் அல்லது கேபிளில் ஒரு கம்பி. எஃப் ஷார்ப் எல்லா ஆக்டேவிலும் ஊமை என்றால் அந்தச் சுரத்தின் ஆசிலேட்டர், அதாவது அதை உண்டாக்கும் சர்க்யூட். மேலே பேசி, ஒரு குறிப்பிட்ட ஆக்டேவிலிருந்து கீழே மட்டும் போயிருந்தால் அங்குள்ள டிவைடர், அதாவது அதிர்வெண்ணைப் பாதியாக்கிக் கீழ் ஆக்டேவைத் தரும் சர்க்யூட். எல்லாமே ஊமை என்றால் பவர் சப்ளை, அல்லது வால்யூம் பெடல். பெடல் இணைக்காததால் ஒலி வராத பெட்டிகளைப் பழுது என்று விற்கிறார்கள், வாங்குபவருக்கு லாபம்.

கட்டை பேசுவதும் நிற்பதுமாக இருந்தால் கேபிளை இரு முனையிலும், இணைப்பிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், மெதுவாக வளைத்தபடி மீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். உறைக்குள் அறுந்திருப்பது அநேகமாக அங்கேதான்.

இரைச்சலையும் கவனிக்க வேண்டும். 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் என்றால் பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்திருக்கலாம். அதைவிட ஓர் ஆக்டேவ் கீழே, 50 ஹெர்ட்ஸ் என்றால் எர்த், ஷீல்டு பக்கம் தேடுங்கள்.

கெபாசிட்டர் மாற்றுவதில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் உண்டு. ஒன்று, எதையும் மாற்றாமல் ஓட்டுவது. மற்றது, இணையத்தில் படித்துவிட்டு கோலாலம்பூர் ஜாலான் பாசாரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு பை நிறைய வாங்கி அத்தனையையும் மாற்றுவது. பவர் சப்ளையின் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரை மாற்றுங்கள்: அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடிய வோல்ட், 105 டிகிரி வகை. ஆசிலேட்டரில் இருக்கும் கண்ணாடி போன்ற பாலிஸ்டைரீன் கெபாசிட்டரைத் தொடாதீர்கள். சுரத்தின் நிலைப்பு அதை நம்பித்தான் இருக்கிறது. சூடான முனை பட்டாலே உருகும். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ள போர்டுகளில் பிளஸ் பக்கம் சட்டத்தோடு இணைந்திருப்பது உண்டு. மைனஸ்தான் எர்த் என்று நினைத்து எலெக்ட்ரோலிட்டிக்கைத் திருப்பி வைத்தால் வெடிக்கும். பழையது இருந்த திசையைப் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். அந்தக் காலத்துப் பழுப்பு போர்டில் செம்புத் தடம் எளிதில் உரியும்: சாலிடரிங் முனை 350 டிகிரிக்கு மேல் வேண்டாம், ஓர் இணைப்புக்கு மூன்று விநாடி.

சுருதி

ரீடும் எலெக்ட்ரானிக் ஒலியும் ஒத்துப்போகவில்லை என்று ரீடைச் சுரண்டுவது திரும்பப் பெற முடியாத தவறு. சுரண்டிய எஃகு திரும்ப வராது. ரீடின் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸிலா 442இலா நிற்கிறது என்று மிதமான துருத்தி அழுத்தத்தில் டியூனரில் பார்த்து, பெட்டியை அதற்குக் கொண்டுவாருங்கள். அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகே திருப்ப வேண்டும். பன்னிரண்டு ஆசிலேட்டர் உள்ள பெட்டியில் ஓர் ஆசிலேட்டரின் காயிலைத் திருப்பினால் அந்தச் சுரம் எல்லா ஆக்டேவிலும் சேர்ந்து நகரும். காயிலின் ஃபெரைட் மையத்துக்கு இரும்பு ஸ்குரூடிரைவர் வேண்டாம். மையம் பிளந்துவிடும், இரும்பு கிட்டே இருக்கும்வரை சுருதியும் தப்பாகக் காட்டும். பிளாஸ்டிக் கருவி வாங்குங்கள். பன்னிரண்டு சுரத்தையும் ஒரே சிப் தரும் பிற்காலப் பெட்டியில் ஒரு சுரம் மட்டும் விலகாது. விலகினால் அது டியூனிங் வேலை அல்ல, பழுது.

வைத்திருப்பது

பூஞ்சை பிடித்த துருத்தியை வெயிலில் காயப்போடுவது நம் வீட்டுப் பழக்கம். தேன்மெழுகு 62 டிகிரியை ஒட்டி உருகும், அதற்கு வெகு முன்பே இளகும். ரீடு பலகைகள் சரிந்துவிடும். மூடிய காரின் பின்சீட்டும் அதே கதைதான். பாச்சை உருண்டையும் வேண்டாம், சில பிளாஸ்டிக்கை அது இளக்கும். கேமராவுக்கு விற்கும் டிரை கேபினட்டில் இடம் இருந்தால் 50 விழுக்காட்டில் வையுங்கள். இல்லையென்றால் மூடும் பெட்டியும் மாற்றி மாற்றிக் காயவைத்த சிலிக்கா ஜெல்லும் போதும். வாசிக்கும் நிலையிலேயே நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்தால் தோல் வால்வுகள் தொங்கும். மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் மின்சாரம் கொடுத்து எல்லாக் கட்டைகளையும் ஓட்டிவிடுங்கள். காண்டாக்டில் மறுபடி படலம் ஏறாது, புது எலெக்ட்ரோலிட்டிக்கும் சும்மா கிடந்து பலவீனமாகாது.